ஒரு மிரர் போல்ட்டு, பதினோரு செகண்டு: ட்ரிப்பிளோட டிராக்குக்கும் ஏலகிரிக்கும்

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில உக்காந்திருக்கேன், பின்னாடி துணி காயுது, அதைக் கண்டுக்காதீங்க. வழக்கமா ஹெல்மெட்டுக்குள்ள மைக் வச்சு ஓட்டிக்கிட்டே பேசுவேன்ல, இந்தத் தடவை அது ஆகல. ரேஸ் டிராக்ல ஓட்டினப்ப பேசுற வேலையே வேணாம்னு விட்டுட்டேன். ஏலகிரி போனப்ப ஒரே காத்து. அதனால ரெண்டையும் சேத்து இங்கயே சொல்லிடுறேன்.

டிராக்குக்கு அப்புறம் வரேன். மொதல்ல மிரர்.

நம்ம பைக்கு, ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் ட்ரிப்பிள் ஆர்எஸ்ல மிரர் ஹேண்டில் பார் முனையிலதான இருக்கு. டிராக் டேன்னா, அதாவது நம்ம சொந்த வண்டிய ரேஸ் டிராக்ல ஓட்டுற நாள்னா, ரெண்டையும் கழட்டணும். ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல டேப் ஒட்டணும், நம்பர் ஸ்டிக்கர் போடணும், அப்புறம்தான் ஸ்க்ரூட்டினி, அதாவது வண்டி சோதனை. இடது பக்கம் ரெண்டே நிமிஷத்துல வந்துருச்சு. வலது பக்கம் ஆலன் கீ வச்சுத் திருகினேன், வழுக்கிருச்சு. இன்னொரு தடவை அழுத்தித் திருகினேன், போல்ட்டுத் தலையில ஆறு முனையும் தேஞ்சு வட்டமாயிருச்சு. ஏன்னு சொல்லுங்க? 'மிரர் ஆடுது'ன்னு ஒரு வீடியோ போட்டேன்ல, அதுல போல்ட்டு கழலாம புடிச்சுக்குற பசை, நீலக் கலர் த்ரெட் லாக்கர் ஊத்தி இறுக்கினேன்ல, அதேதான். அதுல ஒரு சொட்டு போதும். நான் மூணு சொட்டு விட்டிருக்கேன்.

மணி ஏழே கால். ஏழரைக்கு ப்ரீஃபிங். மிரர் கழட்டாம உள்ள விட மாட்டோம்னு ஸ்க்ரூட்டினில சொல்லிட்டாங்க. சொன்னது சரிதான், கீழ விழுந்தா கண்ணாடி பூராவும் டிராக்ல சிதறும். பக்கத்துல வண்டி நிறுத்தியிருந்த ஒரு அண்ணன், கோயம்புத்தூர்லேர்ந்து 390 ட்யூக் கொண்டு வந்திருந்தாரு. "தம்பி, தள்ளுங்க"ன்னாரு. டூல் பெட்டியில இருந்து ஒரு டார்க்ஸ் பிட் எடுத்தாரு, நட்சத்திரம் மாதிரி இருக்குமே அது. தேஞ்ச ஓட்டைய விட ஒரு நூல் பெருசு. அதை வச்சு சுத்தியல்ல டங்கு டங்குனு ரெண்டே தட்டு. உள்ள கடிச்சு உக்காந்துருச்சு. அப்புறம் ராட்செட் போட்டு ஒரே திருகு. 'டக்'குனு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அன்னைக்கு என் எஞ்சின் போட்ட எந்தச் சத்தமும் அதுக்கு ஈடாகாது. அண்ணே, இந்த வீடியோ உங்க கண்ணுல பட்டா கமெண்ட்ல வாங்க. பதட்டத்துல நன்றிகூட ஒழுங்கா சொல்லல.

புது போல்ட்டு வாங்க மறுநாள் சென்னையில ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜி.பி. ரோடு போனேன். கடைக்காரர் கேட்ட மொத கேள்வி, "பழசு கொண்டு வந்தியா?" கொண்டு போயிருந்தேன். ஒரு தகர டப்பாவைக் கவுத்தாரு, நூறு போல்ட்டு கொட்டுச்சு. மரையில நகத்தை ஓட்டிப் பாத்தே எடுத்துட்டாரு. அளவு ஒண்ணா இருந்தாலும் மரையோட இடைவெளி மாறினா உள்ள இருக்குற மரையே போயிடும்னு சொல்லிக்கிட்டே இன்னொரு நட்டுல போட்டுச் சுத்திக் காட்டுனாரு. ஒண்ணு 40 ரூபா, ரெண்டு 70. ரெண்டாவே வாங்கிட்டேன். 11 லட்சத்துக்கு மேல குடுத்து வாங்குன வண்டி, அன்னைக்குக் காலையில 40 ரூபா போல்ட்டுக்காக நின்னுச்சு. டிராக்குக்குப் போறவங்க பையில ஒரு டார்க்ஸ் பிட் செட்டும் சின்ன சுத்தியலும் கண்டிப்பா இருக்கட்டும்.

சரி, டிராக்.

சென்னைக்கு வெளிய இருக்குற இருங்காட்டுக்கோட்டை. இப்ப பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், ஆனா பழைய ஆளுங்க வாயில இன்னும் எம்எம்ஆர்டிதான், மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக். 1990ல திறந்தது. ஒரு சுத்து 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். அதுக்கு முன்னாடி எல்லாம் சோழவரம், ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். எங்கப்பா அங்க போய் ரேஸ் பாத்தவரு. நான் லெதர் சூட்டோட கெளம்பினா இன்னைக்கும் "விழாம வா"ன்னுதான் சொல்லுவாரு, "ஜெயிச்சுட்டு வா"ன்னு சொன்னதே இல்ல.

போன வீடியோக்குக் கீழ நிறையப் பேரு ஒரே கேள்வி. டாப் ஸ்பீடு எவ்வளவு, ஏன் காட்டல? எனக்கு இந்தக் கேள்வி சுத்தமாப் பிடிக்கல. கோவமாவே சொல்றேன். 130 பிஎஸ் பவர் இருக்கு, அது 12,000 ஆர்பிஎம்லதான் முழுசா வரும். ரோட்டுல ரெண்டாவது கியர்லயே அதுவரைக்கும் இழுத்தா நூறைத் தாண்டிடும். அப்போ இந்த எஞ்சினோட மேல் பாதிய ரோட்டுல தொடவே முடியாது, தொடவும் கூடாது. 765 சிசி, மூணு சிலிண்டர். 2019லேர்ந்து மோட்டோ2ல, அதாவது மோட்டோஜிபிக்கு அடுத்த கட்ட உலக பைக் ரேஸ்ல, எல்லா டீமும் ஓட்டுறது ட்ரையம்ஃபோட இந்த 765 குடும்பத்து எஞ்சினைத்தான். அந்தச் சத்தத்தை முழுசாக் கேக்கணும்னா மெயின் ஸ்ட்ரெய்ட்டுக்குத்தான் வரணும். கீழ ஒரு உறுமல், மேல போகப் போக ஊளையா மாறும். எனக்கு நாலு சிலிண்டர் சத்தத்தை விட இதுதான் புடிக்கும், இதுல யாரு வந்து வாதாடினாலும் மாத்திக்க மாட்டேன்.

ஆனா அன்னைக்கு நான் கத்துக்கிட்டது எஞ்சின் இல்ல, பிரேக்கு.

மொத செஷன்ல என் லேப் 2:24. வண்டியிலயே லேப் டைமர் இருக்கு, அதுல பாத்தது. முடிச்சு வந்ததும் அங்க சொல்லித்தர்ற கோச் கூப்பிட்டாரு. "ஆக்சிலரேட்டர் நல்லாத்தான் முறுக்குறீங்க. பிரேக்கை ரொம்ப முன்னாடியே புடிச்சு, விட்டுட்டு, அப்புறம் சும்மா உருண்டுக்கிட்டே திருப்பத்துக்கு வர்றீங்க. அந்த உருள்ற நேரம்தான் உங்க செகண்டு"ன்னாரு. சி1ன்னு சொல்லுவோம்ல, ஸ்ட்ரெய்ட் முடிஞ்சதும் வர்ற வேகமான வலது திருப்பம். அங்க எனக்குப் பயம். பயந்தா கை இறுகும், கை இறுகினா வண்டி திரும்ப மாட்டேங்குது.

அவரு சொல்லிக்குடுத்தது இதுதான். லீவரை ஒரேயடியா அடிக்கக் கூடாது. மொதல்ல லேசா அமுக்கணும், எடை முன்னாடி வந்து முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் அமுங்கும், டயர் தரையில நல்லா பதியும், அப்புறம் இன்னும் அழுத்தி அமுக்கலாம். திருப்பத்துக்குள்ள நுழையும்போது சட்டுனு விடாம கொஞ்சம் கொஞ்சமா விடணும். சட்டுனு விட்டா முன்பக்கம் எம்பும், வண்டி வெளிய ஓடும். பிரெம்போ ஸ்டைல்மா பிரேக்கு, ஒரே விரல் போதும். ரெண்டு விரல் வச்சுப் புடிச்சிட்டிருந்தவன் நான்!

காத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். நேக்கட் வண்டி, முன்னாடி மறைப்பு கிடையாது. ஸ்ட்ரெய்ட்ல காத்து நெஞ்சைப் புடிச்சுப் பின்னாடி தள்ளும். கையால ஹேண்டிலைப் புடிச்சுத் தொங்கினா அந்த இழுப்பு பூராவும் ஸ்டியரிங்ல போய் வண்டி ஆடும். முட்டியால டேங்கை இறுக்கணும், வயித்துல பலம் குடுத்துக் குனியணும், கை ரெண்டும் தளர்வா இருக்கணும். மறுநாள் எனக்குக் கை வலிக்கல, தொடைதான் வலிச்சுது. வலி எங்கன்னு கேட்டே ஒருத்தன் எப்படி ஓட்டினான்னு சொல்லிடலாம்னு கோச் சிரிச்சாரு.

கடைசி செஷன் 2:13. பதினோரு செகண்டு குறைஞ்சுது. மொத செஷன விட அதிகமா முறுக்கவே இல்ல. ரேஸ் ஓட்டுற பசங்களுக்கு இது பெரிய நேரமே இல்ல, அது தெரியும். எனக்கு இது பெருசு. வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, அம்மாகிட்ட ரெண்டு தடவை.

அய்யோ, டயரை மறந்துட்டேன், இது முக்கியம். சூப்பர்கோர்சா எஸ்பி டயர். ரோட்டுல நான் வைக்கிற காத்தழுத்தம் முன்னாடி 34 பிஎஸ்ஐ, பின்னாடி 42. டிராக்குக்குக் கோச் சொன்னபடி காலையில ஆறின டயர்ல முன்னாடி 30, பின்னாடி 28ன்னு இறக்கினோம். ஓட ஓடச் சூடேறி அழுத்தம் தானா ஏறும், அதனாலதான். ஆனா முடிஞ்சதும் திரும்ப ஏத்தணும். நான் களைப்புல அப்படியே கெளம்பிட்டேன். கேட்டைத் தாண்டி பெங்களூரு ஹைவேல ஏறும்போதே வண்டி சோம்பலாத் திரும்புது. ஓரமா நிறுத்தி யோசிச்சப்பதான் புரிஞ்சுது. பங்க்ல கேஜ் சரியில்லாத இடம் நிறைய இருக்கு, அதனால என் கேஜ், என் கால் பம்ப்பு. அந்த வெயில்ல பின் டயரை 42 வரைக்கும் மிதிச்சு ஏத்தினேன். கேமரா ஆன் பண்ணல, அதுக்கெல்லாம் தெம்பில்ல.

நேத்து ஏலகிரி. அதே ஹைவேதான், வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில மலை ஏறணும். 14 கொண்டை ஊசி வளைவு, தமிழ்ப் புலவர்கள் பேரும் கடையேழு வள்ளல் பேரும் வச்சிருக்காங்க. பாரி வளைவுல தேர் நிறுத்துற மாதிரி வண்டிய நிறுத்தி ஃபோட்டோ எடுத்தேன், கம்யூனிட்டி பக்கத்துல போட்டிருக்கேன்.

டிராக்ல கத்துக்கிட்டதை இங்க பாதிதான் கொண்டு வரணும். கண்ணு, கை, பிரேக்கை மெதுவா விடுறது, இதெல்லாம் கொண்டு வாங்க. வளைவுக்குள்ள நுழையுறப்பவே தலையத் திருப்பி வெளிய வர்ற இடத்தைப் பாத்தேன், வண்டி தானா அங்க போச்சு. போன வருஷ வீடியோவுல இதே வளைவுல நான் எவ்வளவு தடுமாறினேன்னு பாத்திருப்பீங்க. ஆனா டிராக் லைனைக் கொண்டு வராதீங்க. அங்க ரோட்டோட முழு அகலமும் நமக்கு. இங்க நமக்குப் பாதிதான், அந்தப் பாதியிலயும் நடுக்கோட்டுப் பக்கம் நம்மளுது இல்ல. எட்டாவது வளைவுலயோ ஒன்பதாவதுலயோ ஒரு பஸ்ஸு கீழ இறங்குது, அதோட முன்பக்கம் முழுசா என் பக்கம் வந்துதான் திரும்புச்சு. டிரைவர் மேல தப்பே இல்ல, அவ்வளவு நீள வண்டி வேற எப்படித் திரும்பும்? நான் வெளி ஓரத்துலயே வந்ததால சும்மா நின்னு வழி விட்டேன், அவரு கை காட்டிட்டுப் போனாரு. என் பின்னாடி வந்த ரெண்டு பசங்க உள்பக்கமா முட்டி தேய்க்குற மாதிரி சாஞ்சுக்கிட்டு வந்தாங்க. மேல டீக்கடையில பாத்தப்ப நேராவே சொன்னேன். தம்பி, ஆசையா இருந்தா இருங்காட்டுக்கோட்டைக்கு வாங்க, சூட் வாடகைக்குக் கெடைக்குமான்னு நானே விசாரிச்சுத் தரேன். நம்பர் வாங்கிக்கிட்டாங்க. வருவாங்கன்னு நம்புறேன்.

ஆமா, மிரர்! போக வர நானூறு கிலோமீட்டருக்கு மேல, ஒரு ஆட்டம் இல்ல. ஒரே ஒரு சொட்டு த்ரெட் லாக்கர்தான் போட்டேன். வந்ததும் கீ வச்சுப் பாத்தேன், கிண்ணுன்னு இருக்கு. மிச்சம் இருக்குற இன்னொரு போல்ட்டை சீட்டுக்கு அடியில டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்.

அடுத்த வீடியோல செயின் கழுவுறேன், மலையில நல்லா சேறு அப்பியிருக்கு. தூறல் விழுது மக்களே, துணிய எடுக்கலேன்னா அம்மா கத்துவாங்க. வரேன்.