சந்தேகங்களுக்கு விளக்கம்: கலங்கிய தண்ணீரில் மீன் பிடிப்பது தவறா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஆற்றைக் கலக்கி மீன் பிடிப்பது பாவம், தெளிந்த தண்ணீரில் பிடிப்பதுதான் நியாயம் என்கிறார்கள். மீனுக்கு இரண்டும் சாவுதானே, இதில் என்ன வித்தியாசம்?"

பிடிபடுகிற மீனுக்கு இரண்டும் சாவுதான், சரி. ஆனால் தண்ணீரைக் கலக்கும்போது சாவது அந்த மீன் மட்டும் இல்லையே.

கலங்கலில் இரண்டு வகை உண்டு. மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் வருவது ஒன்று, ஆள் இறங்கிக் காலால் மிதித்துக் கலக்குவது இன்னொன்று. மிதித்துக் கலக்கிய இடத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் இதழ்களுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறுகிறது. அதைக் கையாலேயே அள்ளிவிடலாம். பெரியதை எடுத்துக்கொண்டு நாம் போய்விடுவோம், விரல் நீளக் குஞ்சுகள் அங்கேயே திணறிக்கொண்டு கிடக்கும். அப்புறம் அந்தச் சேறு மெல்லக் கீழே படியும். கூழாங்கல் இடுக்கில், செடித் தண்டில் ஒட்டியிருக்கிற முட்டைகளை மூடும். முட்டைக்கும் ஆக்சிஜன் வேண்டும், மேலே சேறு படிந்தால் உள்ளேயே செத்துவிடும். இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்குப் பெரிய வருத்தமே இதுதான்.

மழைக் கலங்கல் அப்படி இல்லை. மீன் அதற்குப் பழகியது. கண் தெரியாவிட்டாலும் உடம்பின் இரண்டு பக்கமும் ஓடுகிற பக்கக்கோட்டால் தண்ணீரின் அசைவை உணரும். கெளுத்திக்கு மீசையே போதும். அதில் தூண்டில் போடுவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் புதுவெள்ளத்தில் கெண்டை வகை மீன்கள் பலவும் சினையோடு எதிரேறி வரும். அந்த நேரத்தில் ஓடையின் குறுக்கே வலை கட்டுவது தவறு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தெளிந்த தண்ணீரில் மீனுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வெளியுலகம் முழுவதும் மீனின் கண்ணிலிருந்து சுமார் 97 டிகிரி கோணத்தில் விரிகிற ஒரு வட்டத்துக்குள் தெரியும். கரையில் நிமிர்ந்து நின்றாலே உங்களைப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அதற்காகத் தெளிந்த தண்ணீர் என்றாலே நியாயம் என்று ஆகிவிடாது. கோடையில் ஆறு வற்றி, ஒரே ஒரு மடுவில் மீனெல்லாம் ஒதுங்கியிருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் ஓட வழி இல்லை. அதை ஒட்ட வழித்தெடுத்தால் அடுத்த மழைக்கு அங்கே பெருக மீன் ஏது?

தெளிவில் எனக்கு முக்கியமாகப் படுவது, எதைப் பிடிக்கிறோம் என்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக மேலே வந்து வந்து போகும், அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். பெரியதை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைச் சும்மா விடாது. கலங்கலில் அதே விரால் தூண்டிலில் மாட்டினால், அதற்குப் பின்னால் குஞ்சுகள் இருந்தது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.