ரப்பர் புழுவும் மெல்லிய நரம்பும்

நேயர்களுக்கு வணக்கம். தூண்டிலும் கையுமாக ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "இந்த ஏரியில் டிரவுட் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காது. சேர்வராயன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஏற்காட்டின் கோடை வெயில் அந்த மீனுக்கு ஆகாது. 10 முதல் 16 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீரில்தான் அது சுகமாக இருக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் திணறிப்போகும். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும் அல்லவா?

டிரவுட் பார்க்க நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அது வந்தேறி மீன். பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1863இல் கொண்டுவர முயன்று தோற்றார். பின்னால் வந்தவர்கள் வென்றார்கள். அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. இன்று அங்குள்ள வானவில் டிரவுட்டின் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரை.

நான் தூண்டில் பழகியது சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில். கொட்டாங்குச்சி நிறைய ஈரமண், அதில் மண்புழு. ஜிலேபி மீனுக்கும் கெளுத்திக்கும் அது போதும். அந்தப் பழக்கத்தோடு, அனுமதி வாங்கிக்கொண்டு, அவலாஞ்சி ஓடையில் முதல்முறை ரப்பர் புழு என்ற போலி இரையைப் போட்டபோது காலை முழுவதும் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. மீன் கடிக்காமல் இல்லை. கடித்தது எனக்குத் தெரியவில்லை.

மண்புழுவில் மணமும் ருசியும் உண்டு. மீன் மென்றுகொண்டே நிற்கும். நாம் நிதானமாக இழுக்கலாம். ரப்பர் புழு வாய்க்குள் போனதுமே அது பொய் என்று மீனுக்குத் தெரிந்துவிடும். அடுத்த நொடி துப்பிவிடும். அந்த ஒரு நொடியைக் கை உணர வேண்டும். தடித்த தூண்டில் நரம்பும் கனத்த ஈயமும் அதை மறைத்துவிடும். அதனால்தான் இரண்டு கிலோ தாங்கும் மெல்லிய நரம்பு, மிளகளவு ஈயக்குண்டு, நுனி வளையும் சிறு கோல் ஆகியவற்றை நான் வலியுறுத்துகிறேன். புழுவின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் நரம்பின் மென்மைக்குப் பிறகுதான் அதெல்லாம்.

டிரவுட் பாறையின் மறைவில், நீரோட்டத்தை எதிர்கொண்டு நிற்கும். ஆகவே அதன் பின்பக்கமாக, கீழிருந்து மேலே நடந்து செல்லுங்கள். பாறைக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் புழுவைப் போட்டு, தண்ணீர் இழுத்துவரும் வேகத்திலேயே வரவிடுங்கள். நரம்பைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். மிதந்து வரும் நரம்பு காரணமில்லாமல் நின்றால், உடனே கோலின் நுனியைத் தூக்குங்கள். அன்று மாலை எனக்கு அப்படித்தான் ஒன்று மாட்டியது. விலாவில் ரோஜா நிறக் கோடு, உடலெங்கும் கரும்புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் வழவழப்பு உரிந்துபோகும்.

இப்போது அதே மெல்லிய கோலைத்தான் நம் ஊர் ஜிலேபிக்கும் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பிய்ந்த ரப்பர் துண்டுகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு வராதீர்கள். அவை மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடும். அதற்கென்றே என் பையில் ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கிறது. வணக்கம்.