கிழக்குக் கடலுக்கு அக்கரையில்

வடசென்னை நேயர்களுக்கு வணக்கம்.

காசிமேட்டுக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் எதிரே இருப்பது கிழக்கு. அந்தத் திசையில் கோடு பிடித்தாற்போல் போய்க்கொண்டே இருந்தால் அந்தமான் வரும், அதைத் தாண்டி பர்மாக் கரை, தாய்லாந்து, பிறகு கம்போடியா. சென்னையும் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே.

உலகத்தில் பார்க்க வேண்டிய ஊர்கள் எவை என்று கேட்டால் பாரிஸ், சுவிட்சர்லாந்து என்றுதான் முதலில் வாயில் வருகிறது. அவையும் அழகான இடங்கள்தான். ஆனால் வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் வெளிநாடு போக முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு நான் சொல்வது, முதலில் கிழக்கே போங்கள். செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே சுவரில் செதுக்கியிருக்கும் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இது யார், அது யார் என்று தேடுவார்கள். நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்த பாட்டிக்கு அம்புப் படுக்கையில் கிடப்பவர் பீஷ்மர் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அங்கோர் வாட்டை 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூர்யவர்மன் என்ற கெமர் அரசன் விஷ்ணுவுக்காகக் கட்டினான். பிறகு அது பௌத்தக் கோயிலானது, இன்றும் வழிபாடு நடக்கிறது. சுற்றிலும் உள்ள அகழி மட்டும் 190 மீட்டர் அகலம். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர் உயரம். நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்திருக்கும், இது மேற்கு பார்த்தது. அதனால் விடியற்காலையில் வாசல் பக்கம் நின்றால் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். கோயில் 5 மணிக்குத் திறக்கிறது. உள்ளே போனதும் இடப்பக்கக் குளத்தங்கரையில் கூட்டம் முண்டியடிக்கும். கோபுரத்தின் நிழல் தண்ணீரில் விழுவது அங்கேதான் நன்றாகத் தெரியும் என்பதால் எல்லோரும் அந்த ஒரே கரைக்கு ஓடுவார்கள்.

சூரியன் ஏறிய பிறகு செய்வதுதான் முக்கியம். படம் எடுத்து முடித்ததும் பெரும்பாலானோர் காலை உணவுக்கு விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். பையில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அப்படியே உள்ளே நடங்கள். அடுத்த ஒன்றரை மணி நேரம் பிராகாரம் ஏறக்குறைய காலியாக இருக்கும்.

அந்தப் பிராகாரத்தைச் சுற்றும் முறை நாம் பழகிய வலம் அல்ல, இடம். கோயில் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். மேற்குச் சுவரில் குருட்சேத்திரப் போர். தெற்கே திரும்பினால் சூர்யவர்மனின் படை ஊர்வலம், அதையடுத்து சொர்க்கமும் நரகங்களும். எமன் எருமை மேல் இருக்கிறான், சித்திரகுப்தன் கணக்குப் பார்க்கிறான், பாவிகள் கீழே தள்ளப்படுகிறார்கள். அதைத் தாண்டிக் கிழக்குச் சுவருக்கு வந்தால் பாற்கடல் கடைதல், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு. காலை வெயில் நேராக அந்தச் சுவரில் விழுகிற நேரம் அது. மதியம் போனால் நிழலில் வரிகள் மங்கிவிடும்.

இந்த ஒரு சுவருக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். முதலில் வருவது அசுரர் வரிசை, 92 பேர். வாசுகியின் தலைப்பக்கம் அவர்கள் கையில். எதிர்ப்பக்கம் தேவர்கள் 88 பேர், வால்பக்கம் பிடித்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். அசுரருக்கு உருண்டு பிதுங்கிய கண், தேவருக்கு நீண்ட கண். நடுவில் விஷ்ணு, அவருக்குக் கீழே மந்தர மலையைத் தாங்கும் ஆமை. இப்போது குனிந்து, கீழ்வரியில் உள்ள மீன்களையும் முதலைகளையும் பாருங்கள். ஓரத்தில் அவை ஒழுங்காக நீந்துகின்றன. மத்துக்குப் பக்கத்தில் வர வர உடல் இரண்டு துண்டாகிக் கிடக்கிறது. கடையும் வேகம் அவ்வளவு என்று காட்ட சிற்பி கண்டுபிடித்த வழி அது. தலைக்கு மேலே நுரையிலிருந்து பிறந்த அப்சரஸ்கள் பறக்கிறார்கள். சுவரைத் தொட வேண்டாம். பல நூறு ஆண்டுகளாகக் கைபட்ட இடங்கள் எண்ணெய் ஏறிப் பளபளப்பதை நீங்களே பார்ப்பீர்கள். அப்படித்தான் உளியின் வரிகள் அழிந்துபோகின்றன.

மேல்தளத்துக்குப் பாக்கான் என்று பெயர். அங்கே ஏறுவதற்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். துப்பட்டாவைத் தோளில் போர்த்துவதை ஏற்க மாட்டார்கள், கை வைத்த சட்டையே போட வேண்டும். படி மிகச் செங்குத்து. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். பௌத்த விரத நாட்களில் அந்தத் தளத்தை மூடிவிடுவார்கள். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமியை ஒட்டி அந்த நாட்கள் வரும், ஆகவே நம் வீட்டு நாள்காட்டியைப் பார்த்தே ஓரளவு திட்டமிடலாம்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டை வாங்குங்கள். அதைத் தொடர்ந்து மூன்று நாள் என்றில்லாமல் 10 நாட்களுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம். நடுவில் ஒரு நாள் கால் ஓய்ந்து படுத்துக்கிடந்தாலும் காசு வீணாகாது. சீட்டில் உங்கள் படம் அச்சாகும், அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டு இல்லை, ஆனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். கோயில் வாசலில் சீட்டு விற்பதில்லை. இது தெரியாமல் இருட்டில் வாசல்வரை போய்த் திரும்பி, சூரிய உதயத்தைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. முந்தைய நாளே பக்கத்து நகரமான சியெம் ரீப்பில் உள்ள அரசுச் சீட்டு அலுவலகத்திலோ இணையத்திலோ எடுத்து வையுங்கள்.

இரண்டாம் நாள் தா புரோம், பாயோன் என்ற இரண்டு கோயில்கள். தா புரோம் கோயிலில் மதில் மேல் இறங்கியிருக்கும் வேர்களை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். மரத்தை வெட்டினால் சுவர் சரியும், விட்டாலும் சரியும். அந்த இக்கட்டில் கல்லைத் தாங்கிப் பிடிக்கும் வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் பங்கெடுத்திருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பர்கள் 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டிலும் வேலை செய்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாளைப் பாண்டியாய் ஸ்ரேய் என்ற சின்னச் சிவன் கோயிலுக்கு ஒதுக்குங்கள். பெரிய கோயில்களிலிருந்து 25 கிலோமீட்டர் போல வடகிழக்கே, அதே சீட்டு போதும். கி.பி. 967-ல் முடிந்த கோயில். செம்மணற்கல்லில் மரச்செதுக்கு வேலை போல நுணுக்கம். ராவணன் கயிலையை அசைக்கும் சிற்பம் ஒரு முகப்பில். கிழக்கு வாயில் ஒன்றின் மேல்முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு ஓரமாக, வற்றிய உடலும் தொங்கிய மார்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அந்த உருவத்தை அடையாளம் காண்கிறார்கள். பேயுருக் கேட்டுப் பெற்ற நம் அம்மை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கடல் கடந்து அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். பல சுற்றுலா வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. நீங்கள்தான் அண்ணாந்து தேட வேண்டும்.

போய்ச்சேரும் வழி: பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் இவற்றில் ஒன்றில் விமானம் மாறி சியெம் ரீப்புக்குப் போக வேண்டும். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 45 கிலோமீட்டருக்கு மேல். முன்பு இருந்ததுபோல் 10 நிமிடத்தில் ஊருக்குள் வந்துவிடலாம் என்று பழைய குறிப்புகளை நம்பி இறங்காதீர்கள், ஒரு மணி நேரம் ஆகும். தாய்லாந்திலிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டும் யோசனை வேண்டாம். 2025-ல் இரு நாட்டுக்கும் மோதல் மூண்டு தரைவழி எல்லையை மூடினார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரலில் நம் ஊர்க் கத்திரிக்குச் சற்றும் குறையாத வெயில். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கும் புத்தாண்டு, அப்போது கூட்டமும் சேர்ந்துகொள்ளும். டாலர் நோட்டுகளைச் சென்னையில் வாங்கும்போதே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கம்போடியாவில் கடைக்காரர் வாங்க மாட்டார்.

அடுத்து மலேசியாவின் பினாங்கு. ராஜூலா, சிதம்பரம் என்ற கப்பல்கள் நம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆளேற்றிப் போன காலம் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985-ல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. 2024 டிசம்பரிலிருந்து சென்னை, பினாங்கு நேர் விமானம் வந்திருக்கிறது.

அங்கே நகரின் பெயரும் ஜார்ஜ் டவுன்தான். நம்முடையது ஐந்தாம் ஜார்ஜ் பெயரால், அவர்களுடையது மூன்றாம் ஜார்ஜ் பெயரால். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மண்ணடியிலிருந்து போகிறவர்களுக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாகவே தோன்றாது. கூப்பிடு தூரத்துக்குள் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் கோயில், 1818-ல் கட்டிய ஆங்கிலத் தேவாலயம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் இருக்கிறது. இவற்றை வண்டியில் பார்க்காதீர்கள். காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால் 10 மணிக்குள் முடியும், அதற்குமேல் வெயில் வாட்டும். சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தோளில் காவடி போல் கட்டித் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாக விற்ற சோறு அது. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்ற வேண்டுமானால் "பஞ்சிர்" என்று சொல்லுங்கள், மலாயில் வெள்ளம் என்று பொருள்.

இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற ஏற்பாடு 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் போலி.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவைப் பற்றிச் சுருக்கமாக: யோக்யகர்த்தா ஊரில் தங்கினால் பிரம்பனான் கோயில்கள், போரோபுதூர் பௌத்தத் தூபி இரண்டையும் பார்க்கலாம். பிரம்பனான் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். உள்சுற்றில் ராமாயணம் தொடங்கிப் பக்கத்துப் பிரம்மன் கோயிலில் முடிகிறது, இங்கே வலமாகவே சுற்றலாம். போரோபுதூர் மேலே ஏற நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு, அவர்கள் தரும் மெத்துச் செருப்பைத்தான் போட வேண்டும். மேலேறும் சீட்டு தனி. திங்கட்கிழமை ஏற விடுகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பர்மாவை ஏன் விட்டேன் என்று வியாசர்பாடி நேயர்கள் கேட்பீர்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும் ஊரில் அந்தக் கேள்வி நியாயமானது. 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே சண்டை ஓயவில்லை. பெற்றோர் பிறந்த தெருவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்று தெரியும். இப்போது போகாதீர்கள்.

இனி பாஸ்போர்ட். நம்மவர்கள் அதிகம் சிக்குவது பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் வரும், சில நாடுகள் அதை ஏற்பதில்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுப்பது நல்லது. விமானச் சீட்டிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்று கொடுக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கலாம், சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற குறிப்பு அது. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் அப்படிப்பட்ட நாடுகள். சுற்றிப் பார்க்கப் போகத் தடை இல்லை. ஆனால் வேலைக்குத்தான் போகிறாரோ என்று குடியேற்ற அதிகாரி கேட்பார். திரும்பி வரும் சீட்டையும் விடுதிப் பதிவையும் தாளில் எடுத்துக் கையில் வைத்திருங்கள், கைபேசியில் சார்ஜ் இறங்கிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பெற்றோருக்கு 50 வயது தாண்டியிருந்தால் புதுப்பிக்கும்போது அந்தக் குறிப்பை நீக்கக் கேட்கலாம். திரும்பும் நாளிலும் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் மிச்சமிருப்பது நல்லது.

ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள், சரக்குப் பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் மசாலாப் பொடியில் கசகசா சேர்க்காதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

விமான நிலையத்துக்கு விம்கோ நகரிலிருந்து தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வழியாக ஒரே மெட்ரோ ரயில், எங்கும் மாற வேண்டியதில்லை. கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன, நீங்கள் மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். 12 மணி விமானத்துக்கு 7 மணிக்கே ரயிலேறினால் பெட்டிகளோடு நிதானமாகப் போய்ச் சேரலாம். திரும்பி வரும்போது விடியற்காலை 5 மணிக்கு முதல் ரயில், அதுவரை வருகைக் கூடத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

நன்றி, வணக்கம்.