பதினாறும் பெற வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்த பிலிம் அன்பர்களே, வணக்கம்.

120 என்னும் அகலப் பிலிம் ரோலில் 6க்கு 6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு படமா, 6க்கு 4.5 செ.மீ. ஆகப் பதினாறு படமா? நான் பதினாறு. மணமக்களைப் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்றுதானே வாழ்த்துகிறோம்? பன்னிரண்டும் பெற்று என்று வாழ்த்தியவர் இந்த அரங்கில் யாராவது உண்டா?

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னார். "பதினாறு எடுப்பவர்கள் கல்யாணப் பந்தியில் தலைவாழை இலையைக் கிழித்து அரை இலை போடும் கஞ்சர்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அந்த இலையை நானே விரித்துக் காட்டுகிறேன். பிலிமோடு சுற்றி வரும் தாளைப் பாருங்கள். மூன்று வரிசையாக எண் இருக்கும். ஒன்று 8 வரை, ஒன்று 12 வரை, ஒன்று 16 வரை. அதை நானா அச்சடித்தேன்? பிலிம் செய்தவனே பதினாறு பேருக்கு இலை போட்டு வைத்திருக்கிறான்!

சரி, அரை இலை என்றீர்களே, அளந்து பார்ப்போம். பிலிமின் நீளம் ஏறக்குறைய 82 செ.மீ. 6, 4.5 எல்லாம் பெயருக்குத்தான்; உண்மையில் உங்கள் படம் ஒன்றுக்கு 56 மி.மீ., பன்னிரண்டுக்கு 672. எங்கள் படம் 41.5 மி.மீ., பதினாறுக்கு 664. அதே இலைதான் ஐயா! அந்தச் சதுரத்தை 8க்கு 10 அங்குலத் தாளில் பிரின்ட் போடும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஓரத்தில் 11 மி.மீ. வெட்டிப் போடுகிறீர்கள். மிச்சம் 45 கூட இல்லை. எங்களிடம் 41.5 இருக்கிறது. இந்த மூன்று மில்லிமீட்டர் சொச்சத்துக்காக, பசியோடு வந்த நாலு பேரை வாசலில் நிறுத்துகிறீர்களே, யாரய்யா கஞ்சன்?

ரோலையே நீளமாக்கலாமே என்பீர்கள். 1965-இல் இரட்டை நீளத்தில் 220 ரோல் வந்தது, சதுரத்திலேயே 24 படம். கோடாக்கும் நிறுத்தியாயிற்று, ஃபூஜியும் நிறுத்தியாயிற்று. 120 ரோலிலேயே மாமியா 645 கேமரா இருந்தால் பதினைந்து, ஹாசல்பிளாட் கேமராவுக்கு ஏ16 என்ற பிலிம் பின்பெட்டி மாட்டினால் பதினாறு, ஒன்றும் இல்லாவிட்டால் ஹோல்கா என்ற பிளாஸ்டிக் கேமராவுக்குள் ஒரு பிளாஸ்டிக் சட்டம் போதும். கருவி போதும், இப்போது கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரரிடம் ஒரு மடிப்புக் கேமரா இருந்தது. உள்ளே ஒரு தகரச் சட்டத்தைச் செருகினால் பதினாறு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இண்டு ரோலை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரே ரோல்தான். தாத்தா பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டார். மாலை மாற்றுவது, தாலி, சம்பந்திகள், தாய்மாமன், கடன் கொடுத்தவர் வரை பன்னிரண்டு! பட்டியல் முடிந்தது. ஸ்டுடியோக்காரர் கேமரா முதுகிலிருந்த சிவப்புக் கண்ணாடியில் பிலிம் தாளின் எண்ணைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "ரோல்ல இன்னும் நாலு பாக்கி இருக்கு, யாராவது வாங்கப்பா!"

முதலில் தவில்காரர் வந்தார். தவிலுக்கும் தனியாக விபூதி பூசினார். அடுத்து சமையல்காரர், கையில் கரண்டியோடு. "அதைக் கீழே வையுங்க" என்றால் கேட்கவில்லை. "கரண்டி இல்லாம நிக்கிறவன் யாருன்னு என் பிள்ளைங்க கேட்கும்" என்றார். கேட்டீர்களா? மறுபடி சொல்கிறேன், கரண்டி இல்லாமல் நின்றால் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாதாம்! வாழ்நாளெல்லாம் ஊர்க் கல்யாணங்களுக்குச் சமைத்தவர், எந்தக் கல்யாண ஆல்பத்திலும் இல்லை. எங்கள் ஆல்பத்தில் இருக்கிறார், கரண்டியோடு. மூன்றாவது படத்தில் தெருப்பிள்ளைகள், ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறிக்கொண்டு.

பாக்கி ஒன்று.

தாத்தாவின் அக்கா, என் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். சுபகாரியம் என்று மணவறைப் பக்கமே வரவில்லை, அடுப்படியில் இருந்தார். பட்டியல் எழுதிய தம்பிக்கும் அவர் நினைவு வரவில்லை. ஸ்டுடியோக்காரர் தேடிப் போய், "அம்மா, ஒண்ணு மிச்சம் இருக்கு, வீணாப் போயிடும், வந்து நில்லுங்க" என்றார். வீணாகப் போகும் என்றதால்தான் வந்தார். தனக்காக என்றிருந்தால் வந்திருக்கவே மாட்டார். கிணற்றடி வெளிச்சத்தில் நிற்கவைத்து எடுத்தார்.

அவருக்கு எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரே படம். அவர் போன பிறகு என் அப்பா தினமும் விளக்கேற்றியது அந்தப் படத்துக்குத்தான்.

நடுவர் அவர்களே, பன்னிரண்டே போதும் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் எதிரணியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர்கள் ரோலில் எங்கள் அத்தைப்பாட்டி எத்தனையாவது படம்?

நன்றி, வணக்கம்.