டாபி கேட்ட கூலி

(வேலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சமூக நீதி பேச வந்த ஆள் மந்திரக்கோல் கதையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று முன்வரிசையில் ஒரு ஐயா சிரிக்கிறார். சிரிக்கட்டும். கூலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது எல்லோருக்கும் புரியும்.

ராவ்லிங் எழுதிய ஹாரி பாட்டர் கதையில் டாபி என்று ஒரு எல்ஃப், மந்திர உலகத்துக் குட்டி உயிர். பரம்பரை வீட்டடிமை. எஜமான் கையால் துணி கிடைத்தால்தான் விடுதலை. இரண்டாம் புத்தகத்தில் ஒரு காலுறையால் அவன் விடுதலையாகிறான். எல்லோரும் கைதட்டும் இடம் அது. எனக்குப் பிடித்தது 2000-இல் வந்த நான்காம் புத்தகத்தில் வரும் பேரம். வேலை கேட்டுப் போனவனுக்கு வாரம் 10 காலியன் (அந்த உலகத்துத் தங்க நாணயம்) சம்பளம், வாரக்கடைசியில் லீவு என்கிறார் மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர். டாபி பதறிப்போய்க் குறைத்துப் பேசுகிறான். வாரம் ஒரு காலியன், மாதம் ஒரு நாள் லீவு என்று முடிகிறது.

நான் குடியாத்தத்துக்காரன். அம்மா பீடி சுற்றினார். ஆயிரம் பீடிக்குக் கூலி ஏற்றிக் கேட்போம் என்று சங்கத்துக்காரர்கள் வாசலுக்கு வந்தபோது, "இருக்கறதும் போயிட்டா என்னப்பா பண்றது?" என்றார். மடியில் முறம். இலை வெட்டிய கத்தரி நிற்கவே இல்லை. டாபியைப் படித்த அன்று எனக்கு அந்தக் கத்தரிச் சத்தம்தான் கேட்டது.

அப்புறம் ஹெர்மயனி, அந்தப் பள்ளியில் படிக்கும் ஹாரியின் தோழி. நல்ல பெண்தான். ஆனால் எல்ஃப்களை ஒரு வார்த்தை கேட்காமல், தொப்பி பின்னி அறையில் ஒளித்துவைத்து விடுதலை கொடுக்கப் பார்க்கிறாள். அவமானப்பட்ட எல்ஃப்கள் அந்தப் பக்கம் சுத்தம் செய்யவே வருவதில்லை. அத்தனை தொப்பியும் டாபி தலையில்! ராவ்லிங் இதைச் சிரிப்பாக்கிவிட்டு நகர்ந்துவிட்டார் என்பது என் மனக்குறை. கடைசிப் புத்தகத்தில் போர் முடிந்த களைப்பில்கூட, கிரீச்சர் என்ற எல்ஃப் சாண்ட்விச் கொண்டுவருவானா என்றுதான் ஹாரி யோசிக்கிறான்.

அறிவியல் புனைவு, மாயப் புனைவுக்குத் தரும் ஹியூகோ விருதை 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று வருடம் வாங்கிய அமெரிக்க எழுத்தாளர் என்.கே. ஜெமிசின் இப்படி நகர்ந்துபோகவில்லை. பூகம்பத்தை அடக்கி ஊரைக் காப்பவர்களையே ஊர் அடக்கிவைத்திருக்கிறது என்று எழுதினார். கதை முழுக்க அவர்கள் பக்கமே நிற்கிறது.

சரி, நம்மிடம் இல்லாத கதையா? வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தாய் ரேணுகாவின் தலையை வெட்டும் பரசுராமன், அவளுக்கு அடைக்கலம் கொடுத்த சண்டாளப் பெண்ணையும் வெட்டுகிறான். உயிர் வரும்போது ரிஷிபத்தினியின் தலை சண்டாளப் பெண்ணின் உடலில் சேர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கம் சொல்லும் கதை இது. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு கிளம்பினால் தெருவெல்லாம் தேங்காய் உடையும். கெங்கையம்மன் கோயிலில் அதைச் சண்டாளச்சி உடலில் பொருத்துவார்கள். கும்பிடுகிற கை எல்லாம் முகத்தைப் பார்த்துத்தான். தாங்குகிற உடலுக்குச் சொந்தக்காரி பெயர் என்ன? நான் கேட்ட பெரியவர் ஒருவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் சிரசை இறக்கிக்கொண்டு போவார்கள். கூட்டமும் கூடவே போய்விடும், நானும் போயிருக்கிறேன். அந்த உடலை அதற்கப்புறம் எங்கே வைக்கிறார்கள் என்று ஒரு வருடமும் நின்று பார்த்ததில்லை. வருகிற வைகாசிக்கு நிற்கணும்.