பச்சிளங் குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருப்போருக்கு

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பிறந்த உடனேயே குழந்தையைக் கையில் வாங்க முடியுமா என்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். காரா எனும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் வழியில் அது நடக்காது. குழந்தையை ஒப்படைத்த தாய்க்கு, மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. வளர்க்க இயலாதோர் குழந்தையை விட்டுச்செல்லக் கேரள அரசு வைத்துள்ள அம்மத்தொட்டிலில் கிடைத்த குழந்தையாயின், பெற்றோரைத் தேடும் விசாரணை முடிந்து, தத்துக்கு விடலாம் எனக் குழந்தைகள் நலக் குழு அறிவிக்க வேண்டும். இதைத் தாமதம் என்று சலித்துக்கொள்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. அந்த இரண்டு மாதம் பெற்றவளுக்கு உரியது. மருத்துவமனையிலேயே முடித்துத் தருகிறேன் என்று பணம் பேசும் தரகரை நம்பாதீர்கள். குழந்தையை விலைக்கு வாங்கினால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

காராவில் பதிவு செய்தபின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வருமானச் சான்றைவிட, உடனிருக்கும் மாமியாரும் மாமனாரும் மனமாரச் சம்மதித்தார்களா என்பதை நீங்களே முன்னதாகத் தெளிந்துகொள்வது நல்லது. பிறகு நெடுங்காத்திருப்பு.

குழந்தையின் படமும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் வந்தபின், 48 மணி நேரத்துக்குள் அக்குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். நேரில் பார்த்து ஏற்பதற்கு 30 நாள் உண்டு. எடை குறைவு, குறைமாதப் பிறப்பு போன்ற சொற்களைக் கண்டதும் பதறாமல், அறிக்கையைப் படித்து விளக்கக்கூடிய குழந்தை மருத்துவர் ஒருவரிடம் இப்போதே பேசிவையுங்கள்.

தத்துக்கொடுக்கும் இல்லத்தில் குழந்தையைப் பெற்றுக்கொள்ளும்போது, எந்தப் பால்மாவு, எத்தனை மணிக்கொரு முறை, எப்படிப் படுக்கவைத்தால் உறங்குகிறது என்பவற்றை அங்குள்ள ஆயாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும், கொடுத்தால் அது படுத்த துணியொன்றையும் துவைக்காமல் வாங்கிவாருங்கள். கேரள இல்லத்துக் குழந்தை அதுவரை கேட்டது மலையாளம். நம் எல்லைப்புற வீடுகளுக்கு அது அந்நியமன்று, முதல் சில வாரங்கள் இரண்டிலும் கொஞ்சுங்கள்.

வீட்டுக்கு வந்த குழந்தை, மாவட்ட ஆட்சியரின் ஆணை வரும்வரை, தத்துக்கு முந்தைய வளர்ப்பில் இருப்பதாகவே கணக்கு. குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். இரவில் பால் குடிக்க மறுப்பதையோ உங்களுக்கே மனம் ஒட்டாமல் இருப்பதையோ அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆலோசனைக்கு அனுப்பவும் அவருக்கு வழியுண்டு.