பத்து வாளித் தண்ணீர்

(கிளிநொச்சியில் தவக்காலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய பங்குத் தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, முன்வரிசையில் இடமிருந்தும் பின்னால் போய் அமர்ந்திருக்கும் ஐயாமாரே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

செபத்தைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரை ஏன் அழைத்தார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்தேன். நான் மறையியல் படித்தவனல்ல. வயல் வரம்பில் நடந்தே வயதானவன். ஆகவே எனக்குத் தெரிந்த தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் அம்மம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வளவுக் கிணற்றில் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் அள்ளுவார். இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். செபமாலையைப் பிடிக்க வழியில்லை. அதனால் வாளியை எண்ணுவார். ஒரு வாளிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. பத்தாவது வாளியைப் பாத்தியில் கவிழ்த்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொல்வார். பத்து மணி ஒரு காரணிக்கம்; ஐம்பது வாளியில் செபமாலையின் ஐந்து காரணிக்கமும் முடியும், பாத்தியும் நனைந்திருக்கும். இடையில் கோழி வந்து பாத்தியைக் கிளறினால் செபத்தை நிறுத்திவிட்டுக் கோழியைத் திட்டுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். செபத்தில் பராக்கு வருகிறதே என்று வருந்துகிறவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அம்மம்மாவுக்கு அந்த வருத்தமே கிடையாது. கோழியும் அவருடைய நாளில் ஒரு பகுதி. அந்த நாளைத்தானே அவர் கடவுளிடம் கொண்டுபோனார்?

இதை நான் வெறும் கிராமத்துப் பழக்கமென்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். பின்னர்தான் அவிலா நகரத்துப் புனித தெரேசாவைப் பற்றி அறிந்தேன். 1515இல் ஸ்பெயினில் பிறந்தவர், கார்மேல் சபைத் துறவி, 1582இல் இறந்தவர். 1970இல் திருச்சபை மறைவல்லுநர் என்று அறிவித்த முதல் பெண் அவர். அந்த அம்மையார் செபத்தை விளக்க எடுத்துக்கொண்ட உவமை என்ன தெரியுமா? தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது.

நான்கு வழி சொல்கிறார். முதலாவது, கிணற்றில் வாளியால் அள்ளுவது. உழைப்பு அதிகம், தண்ணீர் குறைவு. இரண்டாவது, சக்கரத்தில் வாளிகளைக் கட்டிச் சுற்றி இறைப்பது. நம்மூரில் துலாவும், இப்போது மண்ணெண்ணெய் மிசினும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஆற்று நீர் தானாகப் பாய்வது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்திலிருந்து வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறதே, அதைப் போல. மடையைத் திறந்துவிட வேண்டும், வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான்காவது மழை. அதற்கு நாம் செய்ய ஒன்றுமே இல்லை.

நம் மானாவாரி விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழையை அவன் வரவழைக்க முடியாது. ஆனால் உழாமல் விதைக்காமல் கிடந்த நிலத்தில் பெய்யும் மழையால் அவனுக்குப் பயனுமில்லை. கடவுளோடு வரும் நெருக்கமும் அப்படித்தான் என்று தெரேசா எண்ணினார். அது அவர் தருவது. நம் பங்கு கிணற்றடிக்குப் போவது. கிணறு வற்றிக் கிடந்தால்? அப்போதும் போ என்கிறார். உன்னால் முடிந்ததைச் செய், செடியைத் தண்ணீரில்லாமலே காப்பாற்ற அவருக்குத் தெரியும் என்கிறார். ஆவணியில் வெறும் வாளி கிணற்றடியில் தட்டும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பேச்சு என்று புரியும்.

இவ்வளவு சொன்னவரே, பல வருடங்கள் செபத்தில் அமர்ந்துகொண்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாக ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். திருப்பலியில் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் சகோதரர்கள் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம்.

கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால் மடு மாதா கோவிலுக்கு நடந்து வருகிறேன் என்று நேர்த்தி வைக்கிறோம். நான் அதைக் குறை சொல்லமாட்டேன், நானும் நடந்தவன். ஆண்டவர் கற்பித்த செபத்திலேயே அன்றாட உணவு கேட்கும் வரி இருக்கிறது. ஆனால் கேட்பது மட்டுமே செபமாகிவிட்டால் அது அரச அலுவலகமான கச்சேரிக்கு மனுக் கொடுக்கப் போவது போலாகிவிடும். மனுவை நீட்டுகிறோம், திகதி வாங்குகிறோம், வெளியே வருகிறோம். அங்கே இருந்தவரின் முகம்கூட நினைவில் நிற்பதில்லை. கெத்சமனியில் இயேசு தம் தாய்மொழியில் அழைத்த சொல்லை நற்செய்தி எழுதிய மாற்கு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்: அப்பா. தமிழனுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல். மனு எழுதுகிறவன் அப்படித் தொடங்கமாட்டான்.

இனி நான் சொல்வது இந்த மண்ணில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நீதி கேட்டுப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அங்கே ஒரு தாயிடம், "செபம் சொல்கிறீர்களா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இல்லைத் தம்பி. கோவிலுக்குப் போவேன். போய் அவரோடு சண்டை பிடிப்பேன். பிறகு வீட்டுக்கு வருவேன்." "எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்றேன். "ஒவ்வொரு நாளும்" என்றார்.

நம் திருப்பாடல்கள் 150. புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஏதோவொரு நம்பிக்கை வரியில் கரையேறிவிடும். 88ஆம் பாடல் ஏறுவதில்லை. நாள்தோறும் உம்மை அழைக்கிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக் கேட்டு, இருளிலேயே முடிகிறது. அதை யாரும் விவிலியத்திலிருந்து கழற்றி எறியவில்லை. அந்தத் தாயைச் செபிக்காதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்மில் பலர் கடவுளோடு சண்டை பிடிக்கும் அளவுக்குப் பழகியதில்லை.

போர் முடிந்து 2010இல் நாங்கள் மீளக்குடியேற வந்தபோது வளவில் கூரை இல்லை. கிணற்றுக்குள் தென்னோலையும் தகரமும் கிடந்தன. இரண்டு தரம் மிசின் வைத்து இறைத்துச் சுத்தம் செய்தோம். அம்மம்மா திரும்பி வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் புதுக் கயிறும் புது வாளியுமாகக் கிணற்றடியில் போய் நின்றேன். பாத்தி இல்லை, கத்தரி இல்லை. கிணற்றுக்கட்டின் அருகே நின்ற ஒரு முருங்கைக்குத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. எண்ணத் தொடங்கினேன். ஏழாவது வாளியிலோ எட்டாவது வாளியிலோ கணக்குத் தவறிவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.